இரண்டு பிரஷர் மாத்திரை சேர்ந்தால்: எதைப் பார்ப்பது, எதைத் தவிர்ப்பது

போன மாதம் வரை சீட்டில் ஒரே ஒரு பிரஷர் மாத்திரை. இந்த மாதம் டாக்டர் இரண்டாக எழுதிவிட்டார். கிளினிக் படி இறங்கும்போதே "நோய் முத்திப்போச்சு போல" என்ற பயம் தொற்றிக்கொள்கிறது. அந்தப் பயத்தில் இரண்டில் ஒன்றை மட்டும் வாங்குபவர்கள் உண்டு. இரண்டையும் வாங்கி, இன்று இது, நாளை அது என்று மாற்றிப் போடுபவர்களும் உண்டு. இரண்டு வழியிலும் பிரஷர் இறங்காது. மூன்றாவது மாத்திரைதான் வந்து சேரும்.

ஒரு மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட, வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்ப்பது கூடுதலாக வேலை செய்யும். 2009-ல் 42 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தபோது, இரண்டாவது வகை மருந்தைச் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் இறக்கம், முதல் மருந்தையே இரட்டிப்பாக்குவதால் கிடைப்பதைப் போல் சுமார் ஐந்து மடங்கு என்று தெரிந்தது. அதற்கு முன்பே, 2003-ல் 354 ஆய்வுகளை வைத்துச் செய்த கணக்கு இன்னொன்றைச் சொன்னது: வழக்கமான டோஸில் பாதி கொடுத்தாலே முழு டோஸின் பலனில் ஏறக்குறைய 80 சதவீதம் கிடைத்துவிடுகிறது. ஆனால் நீர் மாத்திரை (சிறுநீரைக் கூட்டுவது), ஆம்லோடிபின் போன்றவற்றின் பக்க விளைவுகள் அளவு குறையக் குறைய நன்றாகவே குறைகின்றன. அதனால்தான் சின்ன அளவில் இரண்டு மாத்திரை. இலங்கையில் 700 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகக் கொடுத்தார்கள். டெல்மிசார்டான் 20 மி.கி., ஆம்லோடிபின் 2.5 மி.கி., குளோர்தாலிடோன் 12.5 மி.கி. ஆறு மாதத்தில் அதைப் போட்டவர்களில் 70 சதவீதம் பேர் இலக்கைத் தொட்டார்கள். வழக்கமான சிகிச்சையில் 55 சதவீதம்தான். நம் ஊர்க்காரர்களின் உடம்புக்கும் சாப்பாட்டுக்கும் நெருக்கமான இடத்தில் கிடைத்த கணக்கு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

ஆனால் சேர்க்கை என்பது டாக்டர் எழுதிய இரண்டோடு முடிவதில்லை. முட்டி வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை, சளி சிரப், கருவாடு, கத்திரி வெயில் எல்லாமே அதில் வந்து கலக்கின்றன. கெடுதல் பெரும்பாலும் சீட்டில் இல்லாத இடத்திலிருந்துதான் வருகிறது.

அட்டைகளைப் பாயில் பரப்புங்கள்

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் பரப்புங்கள். பிரஷருக்கானது மட்டும் போதாது. சுகர், கொழுப்பு, மூட்டு வலி, தூக்கம், நாட்டு மருந்துக் கடைச் சூரணம் எல்லாம் வரட்டும். முன்பக்கம் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கப் பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயரையும் மி.கி. அளவையும் படியுங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

மருந்தின் பெயர் எப்படி முடிகிறது என்பதை வைத்தே அது எந்த வகை என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். 'சார்டான்' என்று முடிந்தால் ஒரு வகை: டெல்மிசார்டான், லோசார்டான், ஓல்மிசார்டான். 'ப்ரில்' என்று முடிபவை அதற்கு அண்ணன் தம்பி முறை: எனலாப்ரில், ராமிப்ரில். இந்த இரண்டும் ரத்தக்குழாயை இறுக்கும் ஒரே சங்கிலியை வெவ்வேறு கண்ணியில் அறுப்பவை. 'டிபின்' என்று முடிந்தால் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துபவை: ஆம்லோடிபின், சில்னிடிபின். 'லால்' என்று முடிந்தால் இதயத் துடிப்பைக் குறைப்பவை: அட்டெனலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால். நீர் மாத்திரைகளுக்கு மட்டும் ஒரே வால் கிடையாது. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு ஆகியவை அதிகம் பார்ப்பவை.

இப்போது ஒரே மருந்து இரண்டு அட்டையில் இருக்கிறதா என்று தேடுங்கள். நாங்கள் சொல்வதில் இந்த ஒரு வேலையை மட்டும் செய்தாலும் போதும், பல வீடுகளில் ஆபத்து விலகும். நடப்பது இப்படித்தான்: டெல்மிசார்டான் 40, ஆம்லோடிபின் 5 என்று தனித்தனியாகப் போட்டுவந்தவருக்கு, இரண்டும் கலந்த ஒரே மாத்திரையை இன்னொரு டாக்டர் எழுதுகிறார். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ஏ.எம். என்று இரண்டு எழுத்து ஒட்டியிருக்கும். அதைக் கவனிக்காமல், பழைய ஆம்லோடிபின் அட்டை தீரவில்லையே என்று அதையும் சேர்த்து விழுங்குகிறார். நாளுக்கு 5 மி.கி. போய் 10 மி.கி. ஆகிவிட்டது. இரண்டு மூன்று வாரத்தில் செருப்பு வார் பதியும் அளவுக்குக் கால் வீங்குகிறது. வீக்கத்துக்கு வேறொருவர் வேறு மாத்திரை தருகிறார்.

ஏ.எம்., ஹெச்., சி.டி., ஏ.டி. போன்ற எழுத்துகளுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும். எழுத்தை நம்பாமல் பின்பக்கத்தைப் படிப்பதே வழி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடம் ஒரு தொகுப்பும், தனியார் டாக்டரிடம் இன்னொரு தொகுப்பும் வாங்குபவர்களுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. இரண்டு இடத்திலும் காட்டுவதில் தவறில்லை. ஓர் இடத்தில் தந்ததை இன்னோர் இடத்தில் மறைப்பதுதான் தவறு.

பரப்பிப் பார்த்ததை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். மருந்துப் பெயர், மி.கி., எத்தனை வேளை, எந்தத் தேதியிலிருந்து. போன் கவருக்குள் மடித்து வையுங்கள். கீழே சொல்லும் பல விஷயங்களுக்கு அந்தச் சீட்டு வேண்டும்.

எந்த ஜோடி சேரும், எது சேராது

டெல்மிசார்டானும் ஆம்லோடிபினும் நல்ல ஜோடி. காரணம், ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. ஆம்லோடிபின் ரத்தம் உள்ளே வரும் சின்னக் குழாய்களை விரிக்கிறது. வெளியே போகும் குழாய்களை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. நடுவில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. 5 மி.கி. அளவில் 100-க்கு 3 பேருக்கு வரும் இந்த வீக்கம், 10 மி.கி.க்குப் போனால் ஏறக்குறைய 11 பேருக்கு வருகிறது. சார்டான் அல்லது ப்ரில் வகை வெளியே போகும் குழாயையும் திறந்துவிடுவதால் வீக்கம் குறைகிறது. இந்த வீக்கம் உடம்பில் நீர் கூடியதால் வருவது அல்ல. அதனால் ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரையைத் தாமாகவே வாங்கிப் போட்டால் வீக்கம் பெரிதாக வடியாது. உப்புச் சத்துகள் மட்டும் குறையும்.

வீக்கத்தைச் சோதிக்க, மாலையில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துப் பத்து நொடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெதுவாக மேலே வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலிலும் ஒரே மாதிரி, மாலையில் கூடி விடிந்தால் குறைவது மருந்து வீக்கத்தின் போக்கு. ஒரு காலில் மட்டும் வீங்கி வலித்தால் அது வேறு. படுத்தால் மூச்சு வாங்கினால் அதுவும் வேறு. அந்த இரண்டுக்கும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

சார்டானும் நீர் மாத்திரையும் இன்னொரு நல்ல ஜோடி. நீர் மாத்திரை பொட்டாசியத்தை இறக்கும், சார்டான் ஏற்றும். தராசு நடுவில் நிற்கும். உப்பு அதிகம் சாப்பிடுபவர்களுக்குச் சார்டான் தனியாகச் சரியாக வேலை செய்யாது. நீர் மாத்திரை உப்பை வெளியேற்றியதும் அதற்கும் பலம் வந்துவிடுகிறது.

இதில் எந்த ஜோடி உசத்தி என்ற கேள்விக்கு விடை ஒரே மாதிரி இல்லை. 2008-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 11,506 பேரைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ப்ரில் வகை மருந்து. பாதிப் பேருக்கு அதோடு ஆம்லோடிபின், மீதிப் பேருக்கு நீர் மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஆம்லோடிபின் பக்கம் 9.6 சதவீதம், நீர் மாத்திரைப் பக்கம் 11.8 சதவீதம். ஆனால் இந்தியாவில் 32 மையங்களில் 1,981 பேரிடம் மூன்று வெவ்வேறு ஜோடிகளை ஒப்பிட்ட ஆய்வில், ஆறு மாதத்தில் பிரஷர் இறங்கியதில் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இறக்கம் மூன்றிலும் நன்றாகவே இருந்தது. ஆக, உங்களுக்கு எழுதிய ஜோடி பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதியதிலிருந்து வேறாக இருந்தால் கவலைப்பட வேண்டாம். தினமும் விடாமல் போடுவதுதான் எடுபடும்.

இனி சேரக் கூடாதவை. சார்டானும் ப்ரிலும் ஒருவருக்கே வேண்டாம். ஒரே சங்கிலியை இரண்டு இடத்தில் அறுத்தால் இன்னும் நல்லது என்றுதான் ஒரு காலத்தில் எல்லோரும் நினைத்தார்கள். 25,620 பேரிடம் டெல்மிசார்டானையும் ராமிப்ரிலையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-ல் அந்த நினைப்பை முடித்துவைத்தது. சேர்த்துப் போட்டவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ கூடுதலாகக் குறையவில்லை. கிட்னிக் கோளாறு 10.2 சதவீதத்திலிருந்து 13.5 சதவீதமாக ஏறியது, தலைசுற்றலும் மயக்கமும் கூடின. உங்கள் பாயில் 'சார்டான்' ஒன்றும் 'ப்ரில்' ஒன்றும் சேர்ந்து கிடந்தால், இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். ப்ரிலால் வந்த இருமலுக்காக அதை நிறுத்திச் சார்டான் எழுதியிருப்பார்கள், பழைய அட்டை மட்டும் தொடர்ந்துகொண்டிருக்கும்.

'லால்' வகையோடு வெராபமில் அல்லது டில்டியாசம் சேர்ந்தால் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இந்த இரண்டும் ஆம்லோடிபினின் உறவுதான், ஆனால் இதயத்தின் மேல் நேராகக் கை வைப்பவை. துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே போய்த் தலை கிறுகிறுத்தால் காத்திருக்க வேண்டாம். 'லால்' வகையையும், குளோனிடின் என்ற இன்னொரு பிரஷர் மருந்தையும் திடீரென்று நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் பிரஷரோ துடிப்போ பழையபடியைத் தாண்டி எகிறும்; படிப்படியாகத்தான் குறைப்பார்கள். சுகருக்கு இன்சுலின் போடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: சுகர் தாழும்போது வரும் படபடப்பை 'லால்' மருந்து மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. காரணமில்லாமல் வியர்த்தால் சுகரைப் பாருங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்களுக்கும் சார்டான், ப்ரில் இரண்டுமே கூடாது. குழந்தையின் கிட்னியைப் பாதிக்கும். நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றே டாக்டரிடம் சொல்லி, லாபெட்டலால், மெத்தில்டோபா, நிஃபெடிபின் போன்றவற்றுக்கு மாற வேண்டும்.

முதல் ஆறு வாரம்

புதிய மாத்திரை போட்ட மூன்றாம் நாளே "ஒண்ணும் இறங்கலையே" என்று டாக்டரை மாற்றாதீர்கள். ஆம்லோடிபின் உடம்பில் நிலையான அளவுக்கு வரவே ஒரு வாரம் ஆகும். சார்டானின் முழுப் பலன் தெரிய நான்கு வாரமாவது வேண்டும்.

சார்டான், ப்ரில், நீர் மாத்திரை இவற்றில் எது புதிதாகச் சேர்ந்தாலும், அளவு கூடினாலும், ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு), சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்வார்கள். இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். கிரியேட்டினின் ஆரம்பத்தில் கொஞ்சம் ஏறும். பழைய அளவிலிருந்து 30 சதவீதம் வரை ஏறினால் பெரும்பாலும் மருந்தைத் தொடரச் சொல்வார்கள். இதற்குப் பழைய அளவு தெரிய வேண்டும். மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் அன்றே டாக்டருக்குத் தெரிய வேண்டும். வயதான பெண்களுக்கு நீர் மாத்திரையால் சோடியம் இறங்குவது அதிகம், அதுவும் முதல் சில வாரங்களில். சோர்ந்து படுப்பது, வாந்தி, தள்ளாட்டம், பேச்சு முன்னுக்குப்பின் முரணாவது ஆகியவை அடையாளம். "வெயில்ல தண்ணி நிறைய குடிம்மா" என்று வெறும் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் கொடுத்தால் சோடியம் இன்னும் இறங்கும். பாட்டி புதிதாக உளற ஆரம்பித்தால் வயசாகிவிட்டது என்று விடாமல் சோடியம் பாருங்கள்.

வீட்டில் பிரஷர் பார்க்கும் முறையும் சேர்க்கையின் ஒரு பகுதிதான், ஏனென்றால் தவறான எண்ணை வைத்துத்தான் தேவையில்லாத மூன்றாம் மாத்திரை வருகிறது. மேல்கையில் கட்டும் மெஷின் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது நம்பகமில்லை. பட்டை அளவு முக்கியம். மேல்கைச் சுற்றளவு 32 செ.மீ.யைத் தாண்டினால் பெரிய பட்டை வேண்டும், இல்லாவிட்டால் எண் கூடுதலாகக் காட்டும். டீ, பீடி, சிகரெட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் கழியட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் இரண்டும் தரையில் பட, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். சட்டைக் கைக்கு மேல் பட்டையைக் கட்டாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. காலையில் மாத்திரைக்கு முன், இரவில் படுக்கும் முன். ஏழு நாள். முதல் நாள் எண்களை அடித்துவிட்டு மீதி 24 எண்களின் சராசரியை எடுங்கள். வீட்டில் 135/85 என்பது கிளினிக்கில் 140/90-க்குச் சமம்.

இரண்டு மாத்திரை போடுபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உட்கார்ந்து பார்த்த பிறகு எழுந்து நின்று, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒரு தடவை பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் விழுந்து இடுப்பு ஒடியும் ஆபத்து உண்டு. ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின், ப்ரசோசின் போடும் பெரியவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். அவர்கள் நடு ராத்திரி எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்க வேண்டும்.

எந்த நேரத்தில் போடுவது என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். பிரிட்டனில் 21,104 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், காலையில் போட்டவர்களுக்கும் மாலையில் போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசமே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் காசிமேட்டுக்குக் கிளம்புபவருக்கும், துறைமுகத்தில் ஷிப்ட் மாறி மாறிப் பார்ப்பவருக்கும் இது நல்ல செய்தி. மறக்காத நேரம் எதுவோ அதுவே சரியான நேரம். நீர் மாத்திரையை மட்டும் தூக்கம் கெடாத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோன்பு வைப்பவர்கள் ரமலான் தொடங்கும் முன்பே டாக்டரிடம் பேசி, நீர் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம்.

வலி மாத்திரை: தனியாகச் சொல்ல வேண்டியது

"அண்ணே, முட்டி வலிக்குது, நல்லதா ரெண்டு குடுங்க." கடைக்காரர் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் கொடுப்பார். வலி பறந்துவிடும். ஆனால் வீட்டில் சார்டானும் நீர் மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தால், மூன்றும் சேர்ந்து கிட்னியை மூன்று பக்கமும் பிடிக்கின்றன.

கிட்னியின் வடிகட்டியை ஒரு தொட்டியாக நினையுங்கள். ஒரு குழாயில் ரத்தம் உள்ளே வருகிறது, இன்னொன்றில் வெளியே போகிறது. நடுவில் அழுத்தம் இருந்தால்தான் கழிவு வடியும். நீர் மாத்திரை வரும் நீரையே குறைக்கிறது. வலி மாத்திரை உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது. சார்டான் வெளியே போகும் குழாயை அகலமாக்குகிறது. தொட்டியில் அழுத்தம் நிற்காது, கழிவு வடியாது, கிரியேட்டினின் எகிறும். 2013-ல் பிரிட்டனில் பிரஷர் மருந்து சாப்பிடும் 4,87,372 பேரின் பதிவுகளைப் பார்த்ததில், இந்த மூன்றும் சேர்ந்தவர்களுக்குத் திடீர் கிட்னிச் செயலிழப்பு 31 சதவீதம் அதிகம்; முதல் 30 நாளில் 82 சதவீதம் அதிகம். "ரெண்டு நாளைக்குத்தானே" என்பது பாதுகாப்பு அல்ல என்று இந்த இரண்டாவது எண் சொல்கிறது. இடுப்பில் போடும் வலி ஊசியும் இதே கணக்குதான். போதாக்குறைக்கு, இந்த வலி மருந்துகள் பிரஷரையும் ஏற்றிவிடும்.

வலிக்குப் பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி. அவ்வப்போது போடலாம். தினமும் 4 கிராம் என்று தொடர்ந்தால் அதுவும் மேல் எண்ணை ஏறக்குறைய 5 புள்ளி உயர்த்தும் என்று 2022-ல் எடின்பரோவில் 110 பேரிடம் பார்த்தார்கள். தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரைகளில் சோடியம் இருக்கிறது, அவை வேண்டாம். கடையில் கேட்கும்போது போன் கவரில் உள்ள சீட்டை நீட்டிவிட்டுக் கேளுங்கள்.

அதே சீட்டு மற்ற இடங்களிலும் உதவும். மூக்கடைப்புக்கான மாத்திரையிலும் சிரப்பிலும் ஃபினைல்எஃப்ரின் இருந்தால் பிரஷர் ஏறும். ஆம்லோடிபினோடு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் ஆம்லோடிபின் உடம்பில் தேங்கிப் பிரஷர் சட்டென்று சரியும்; அசித்ரோமைசினுக்கு அந்தக் குணம் இல்லை. சார்டானோடு கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறும். கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் போடுபவர்கள் ஆம்லோடிபினோடு 20 மி.கி.க்கு மேல் போகக் கூடாது.

கருவாடு, இளநீர், கத்திரி வெயில்

ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ஒரு வேளைக் கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் ஊறுகாயும் சேர்ந்தால் அந்தக் கணக்கு மதியமே முடிந்துவிடும். கருவாட்டை விட முடியாது என்றால் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, குழம்பில் உப்பே போடாதீர்கள். உப்பு கூடிய வாரத்தில் சார்டான் தோற்றதுபோல் தெரியும். அதற்கு டோஸைக் கூட்டினால் அடுத்த வாரம் உப்பு குறையும்போது பிரஷர் தாழ்ந்துவிடும்.

'லோ சோடியம்' உப்பு நல்லதுதான், எல்லோருக்கும் அல்ல. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்திருக்கிறது. கிட்னி பலவீனமானவர்களும், சார்டானோடு ஸ்பைரோனோலாக்டோன் (பொட்டாசியத்தை ஏற்றும் ஒரு வகை நீர் மாத்திரை) போடுபவர்களும் அதைத் தொடக் கூடாது. இளநீரும் அதே கதை. ஒரு இளநீரில் ஒரு வாழைப்பழத்துக்குக் குறையாத பொட்டாசியம் உண்டு. கிட்னி நன்றாக இருப்பவர் எப்போதாவது குடிப்பது வேறு. கிரியேட்டினின் கூடியவர் வெயிலுக்கு நாளுக்கு இரண்டு என்று குடிப்பது இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும்.

மே மாதத்தில் எண்ணூர் பக்கம் வெயிலில் சுமை தூக்குபவர்களுக்கும் வலை இழுப்பவர்களுக்கும் வியர்வையில் உப்பும் நீரும் போய்விடும். பனிக்காலத்துக்குச் சரியாக இருந்த இரண்டு மாத்திரை, கத்திரியில் அதிகமாகிவிடலாம். மேல் எண் 100-க்குக் கீழே போய்க் கிறுகிறுப்பும் இருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். எண்களோடு டாக்டரிடம் போங்கள்.

வாந்தி, பேதி வந்த நாளில்தான் அதிகத் தவறு நடக்கிறது. தண்ணீர்கூடத் தங்காத நிலையிலும் "பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று சார்டானையும் நீர் மாத்திரையையும் விழுங்குகிறார்கள். வறண்ட உடம்பில் அவை கிட்னியை அடிக்கும். இப்படிப்பட்ட நாளில் சார்டான், ப்ரில், நீர் மாத்திரை, சுகருக்கான மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் ஆகியவற்றை இடைநிறுத்தலாமா என்று உடனே போன் போட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் நிறுத்தச் சொல்லி, சாப்பாடும் தண்ணீரும் தங்க ஆரம்பித்து ஒன்றிரண்டு நாளில் திரும்பத் தொடங்கச் சொல்வார்கள். இந்த ஏற்பாட்டை நோய் வருவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைப்பது நல்லது.

டெல்மிசார்டானை டப்பாவில் கொட்டாதீர்கள்

ஞாயிறு, திங்கள் என்று கட்டம் போட்ட மாத்திரை டப்பா நல்ல பழக்கம். ஆனால் டெல்மிசார்டான் வெறும் மாத்திரையாக அதில் கிடக்கக் கூடாது. அந்த மருந்து தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால், கரைவதற்காகக் காரப் பொருள்களைச் சேர்த்துச் செய்கிறார்கள். அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் கடற்காற்றில் பிரித்த மாத்திரை சில நாளிலேயே ஓரம் பொதுபொதுத்து, மேல்பரப்பு சொரசொரத்து, தொட்டால் விரலில் ஒட்டும். அப்படி ஆனதை எறிந்துவிடுங்கள்.

இதற்கு எளிய வழி: கத்தரிக்கோலால் அட்டையைக் குமிழ் குமிழாக, உறை கிழியாமல் வெட்டி, உறையோடே டப்பாவில் போடுங்கள். காலாவதித் தேதி அச்சான முனையைக் கடைசியில் வெட்டுங்கள். பாதி மாத்திரை போடச் சொன்னால் மீதியை நாள் கணக்கில் வைக்காமல், அதே அளவில் சின்ன மாத்திரை கிடைக்குமா என்று கேளுங்கள். ஆம்லோடிபினுக்கும் வெளிச்சம் ஆகாது; ஜன்னல் ஓரம், சாமி மாடம், ஃபிரிட்ஜ் மேல்பக்கம் எல்லாம் வேண்டாம்.

மூன்று போட்டும் இறங்காவிட்டால்

சார்டான், ஆம்லோடிபின், நீர் மாத்திரை மூன்றையும் சரியான அளவில் போட்டும் 140-க்கு மேலேயே நின்றால், நான்காவதைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி: உண்மையிலேயே தினமும் போடுகிறாரா, பட்டை அளவு சரியா, நடுவில் வலி மாத்திரையோ சாராயமோ குறட்டை நோயோ இருக்கிறதா. மூன்றுக்கும் பதில் சுத்தமாக இருந்தால் நான்காவதாக ஸ்பைரோனோலாக்டோன் நன்றாக வேலை செய்யும் என்று 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. சார்டானோடு அது சேரும்போது பொட்டாசியம் ஏறும் என்பதால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடங்கவே கூடாது.

மேல் எண் 180-ஐத் தாண்டியிருந்தும் வேறு எந்தத் தொந்தரவும் இல்லை என்றால், பதறாமல் உட்காரவைத்து ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நாக்கடியில் நிஃபெடிபின் வைப்பது, கைக்குக் கிடைத்த மாத்திரையைக் கூடுதலாகப் போடுவது இரண்டும் வேண்டாம்; சட்டென்று சரிந்தால் அதுவே பக்கவாதத்தைக் கொண்டுவரும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் பிரஷரைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். தொந்தரவு தொடங்கிய நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். வண்டியில் ஏறும்போது போன் கவருக்குள் இருக்கும் அந்தச் சீட்டும், மாத்திரை அட்டைகளும் கூடவே போகட்டும்.